பெங்களூர்: இறந்தவர்களுக்கும் இட நெருக்கடி

நவம்பர் 2. ஓசூர் ரோட்டில் வண்டிகள் வழக்கத்தைவிட மெதுவாக ஊர்கின்றன. கல்லறைத் தோட்டத்தின் வாசலில் நடைபாதையை அடைத்துக்கொண்டு சாமந்தி, செண்டுப்பூ, மெழுகுவத்தி, ஊதுவத்திக் கடைகள். உள்ளே வாளித் தண்ணீரும் துடைப்பமுமாகக் குடும்பம் குடும்பமாக வேலை நடக்கிறது. ஒருவர் கல்லைத் தேய்க்கிறார், ஒருவர் புல்லைப் பிடுங்குகிறார், பாட்டி மட்டும் பக்கத்துக் கல்லறையின் மேல் உட்கார்ந்து எல்லாரையும் ஏவிக்கொண்டிருக்கிறார். கத்தோலிக்கர்கள் இறந்தோரை நினைவுகூரும் இந்த நாளுக்குத் தமிழர்கள் வைத்த பெயர் கல்லறைத் திருநாள். துக்க நாள் என்று சொல்லப்பட்டாலும் திருவிழாவின் சாயல்தான் அதிகம். இறந்தவருக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கல்லின் மேல் வைப்பவர்களும் உண்டு. பாதிரியார்கள் பார்த்தும் பார்க்காததுபோல் நகர்ந்துவிடுவார்கள்.

இந்தக் கூட்டத்தில் ஒவ்வொரு வருடமும் சிலர் கையில் பூவோடு அங்குமிங்கும் அலைவார்கள். மாமரத்திலிருந்து நாலாவது வரிசை என்று ஞாபகம். மரத்தைக் காணோம், வரிசையும் கலைந்திருக்கிறது. தாத்தாவின் பெயர் இருந்த இடத்தில் வேறு யாருடைய பெயரோ பளபளக்கும் கருங்கல்லில் நிற்கிறது.

பெங்களூரில் கல்லறைகள் காணாமல் போவது இன்று நேற்று தொடங்கியதல்ல. இந்த நகரத்தில் ஆங்கிலேயர்கள் அமைத்த முதல் இடுகாடே இப்போது இல்லை.

1791 மார்ச். திப்பு சுல்தானுக்கு எதிரான மூன்றாம் மைசூர்ப் போரில் கார்ன்வாலிஸின் படை பெங்களூரை முற்றுகையிட்டது. 7ஆம் தேதி பேட்டை விழுந்தது. 21ஆம் தேதி இரவு கோட்டை விழுந்தது. செத்துப்போன ஆங்கிலேய அதிகாரிகளைக் கோட்டைக்கு வெளியே புதைத்தார்கள். படையோடு வந்திருந்த ஓவியர் ராபர்ட் ஹோம் அந்த இடுகாட்டை உட்கார்ந்து வரைந்தார். 1794-ல் அவர் வெளியிட்ட மைசூர்க் காட்சிகள் என்ற படத் தொகுப்பில் அந்தச் சித்திரம் இருக்கிறது. கோட்டை வாசலுக்குத் தென்கிழக்கே சித்திக்கட்டேக்குப் போகும் வழியில் இருந்த இந்த இடத்துக்கு மைசூர் அரசு பின்னாளில் மதில் எழுப்பி வாசலும் வைத்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்கூட சைப்ரஸ் மரங்களும் ரோஜாச் செடிகளுமாக அது அழகாகவே பராமரிக்கப்பட்டது. ஆனால் 1912-ல் எழுதப்பட்ட அரசுக் குறிப்பு அந்த இடுகாடு இல்லை என்கிறது. இருபது ஆண்டுகள்கூட ஆகவில்லை. சித்திக்கட்டே பக்கத்தில் 1921-ல் கிருஷ்ணராஜேந்திர மார்க்கெட் வந்தது. இன்று அந்த வட்டாரத்தில் பூவும் கொத்தமல்லியும் வாங்கித் திரும்புகிறவர்களில் எத்தனை பேருக்குத் தாங்கள் நடப்பது ஒரு பழைய இடுகாட்டின் அருகில் என்று தெரியும்?

அதே மார்க்கெட்டை ஒட்டி ஒரு தர்கா இருக்கிறது. 1791-ல் கோட்டையைக் காத்து நின்று உயிர்விட்ட கில்லேதார் பகதூர் கானின் சமாதி என்று அதைப் போற்றுகிறார்கள். பச்சைப் போர்வை, மல்லிகைச் சரம், ஊதுவத்திப் புகை. முஸ்லிம்கள் மட்டுமல்ல, சந்தைக்கு வருகிற இந்துக்களும் ஒரு நிமிடம் நின்று கும்பிட்டுப் போகிறார்கள். ஜெயித்தவர்களின் இடுகாடு மண்ணோடு மண்ணாகிவிட, தோற்றவரின் சமாதிக்கு இருநூறு ஆண்டுகள் கழித்தும் தினமும் பூ விழுகிறது. கல்லறையைக் காப்பது கல்லும் மதிலும் அல்ல, வந்து போகிற கால்கள்தான் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி நகரில் வேறில்லை.

முற்றுகையில் இறந்த அதிகாரிகளுக்கு ஓர் உயரமான நினைவுத் தூண் மட்டும் மிஞ்சியிருந்தது. மாநகராட்சி அலுவலகத்துக்குப் பக்கத்தில் நின்ற அந்தத் தூணால் செனடாஃப் ரோடு என்று ஒரு சாலைக்கே பெயர் வந்தது. அந்நியப் படையின் வெற்றிச் சின்னம் நமக்கு எதற்கு என்று கன்னட அமைப்பினர் கிளர்ச்சி செய்தார்கள். 1964 அக்டோபரில் தூண் இடிக்கப்பட்டது. சாலை இப்போது நிருபதுங்கா ரோடு. தூண் இருந்த பக்கத்தில் நகரத்தை நிறுவிய கெம்பே கௌடரின் சிலை நிற்கிறது. படையெடுத்து வந்தவர்களின் தூணை அகற்றியதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பேட்டை வாசலில் குண்டடிபட்டுச் செத்த கர்னல் மூர்ஹவுஸுக்குச் சென்னை ஜார்ஜ் கோட்டையின் செயின்ட் மேரி தேவாலயத்தில் கம்பெனி வைத்த நினைவுச் சின்னம் இன்றும் பத்திரமாக இருக்கிறது. அது கூரைக்குக் கீழே இருக்கிறது என்பதும், ஞாயிற்றுக்கிழமை தோறும் அங்கே யாரோ விளக்கேற்றுகிறார்கள் என்பதும்தான் வித்தியாசம்.

இப்படிப்பட்ட கதைகள் உலகெங்கும் உண்டு. பால்டிக் கடலோரத்தில் உள்ள எஸ்டோனியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தலைநகர் டாலினில் கோப்லி என்றொரு இடுகாடு இருந்தது. தேவாலயங்களுக்குள் புதைக்கக் கூடாது என்று ரஷ்யப் பேரரசி காதரின் தடை விதித்த பிறகு, 1774-ல் ஊருக்கு வெளியே அமைக்கப்பட்டது அது. பெரும்பாலும் அங்கே வாழ்ந்த ஜெர்மானியர்களின் கல்லறைகள். இரண்டாம் உலகப் போர் நெருக்கத்தில் அந்த ஜெர்மானியர்கள் ஏறக்குறைய அனைவரும் நாட்டைவிட்டுப் போய்விட்டார்கள். 1950-களின் தொடக்கத்தில் சோவியத் அதிகாரிகள் இடுகாட்டைத் தரைமட்டமாக்கினார்கள். கல்லறைக் கற்கள் துறைமுகச் சுவருக்கும் நடைபாதைக்கும் போயின. இன்று அது ஒரு பூங்கா. பூ வைக்க ஆளில்லாத கல்லறை யாருடைய கண்ணிலும் வெறும் நிலம்தான், டாலின் ஆனாலும் பெங்களூர் ஆனாலும்.

தப்பித்த கற்களைப் பார்க்க வேண்டுமானால் பெங்களூரின் பழைய தேவாலயங்களுக்குள் போக வேண்டும். 1808-ல் கட்டத் தொடங்கி 1812-ல் முடிந்த செயின்ட் மார்க்ஸ். மகாத்மா காந்தி ரோட்டின் கிழக்குக் கோடியில், இப்போது மெட்ரோ நிலையத்துக்கே பெயர் கொடுத்திருக்கும் ஹோலி டிரினிட்டி. ஸ்காட்லாந்துக்காரர்களுக்காக 1866-ல் திறக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ். சுவரெங்கும் பித்தளைத் தகடுகளும் பளிங்குப் பலகைகளும். காய்ச்சலில் செத்த லெப்டினென்ட், குதிரையிலிருந்து விழுந்த கேப்டன், பிள்ளை பெற்றதும் கண்மூடிய இருபது வயது மனைவி என்று எந்தப் பழைய கன்டோன்மென்ட் தேவாலயத்தின் சுவரையும் படித்தால் ஒரு படையின் மருத்துவக் குறிப்பேட்டைப் படிப்பதுபோல் இருக்கும். சண்டையில் செத்தவர்களைவிட நோயில் செத்தவர்களே அதிகம்.

டிரினிட்டியில் ஆளுயரப் பளிங்குச் சிலை ஒன்று நிற்கிறது. மேஜர் ஜெனரல் கிளமென்ட் ஹில். வாட்டர்லூவில் நெப்போலியனை எதிர்த்துப் போரிட்டுப் பிழைத்தவர். மைசூர் டிவிஷனின் தளபதியாக இருந்தபோது ஜோக் அருவிப் பக்கம் போன இடத்தில் 1845 ஜனவரியில் இறந்தார். வாட்டர்லூ கொல்லாததை மேற்குத் தொடர்ச்சி மலைக் காடு கொன்றது. உடல் கடற்கரை ஊரான ஹொன்னாவரில் இருக்கிறது. அங்கே அவர் பெயரில் ஒரு தூணும் குன்றும் உண்டு, உள்ளூர் வாயில் அது கர்னல் குன்று. ஜெனரலுக்குப் பதவி இறங்கிவிட்டது, போகட்டும். ஓரிடத்தில் தூணும் இன்னோரிடத்தில் சிலையுமாக அவருக்கு இரண்டு நினைவிடங்கள்.

அந்தப் படைக்குச் சமைத்தவர்கள், துணி வெளுத்தவர்கள், ரொட்டி சுட்டவர்கள், குதிரைக்குப் புல் வெட்டியவர்கள், அவர்களோடு சேர்ந்து போரிட்ட மெட்ராஸ் சிப்பாய்கள் எங்கே? தேவாலயச் சுவர்களில் அவர்களைத் தேடிப் பயனில்லை.

1799-ல் திப்பு வீழ்ந்த பிறகு ஆங்கிலப் படை முதலில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில்தான் இருந்தது. அங்கே காய்ச்சல் ஆட்களைக் கொண்டுபோனது. காவிரிக் கரையில் சுமார் 300 கல்லறைகளோடு இன்றும் இருக்கும் காரிசன் இடுகாடு அதற்குச் சாட்சி. அங்கே பணியாற்றிய டி மியூரான் என்ற சுவிஸ் படைப்பிரிவின் வம்சத்தார் ஐரோப்பாவிலிருந்து வந்து அதைப் புதுப்பித்துக் கொடுத்திருக்கிறார்கள். காய்ச்சலுக்குப் பயந்து படை 1809-ல் பெங்களூருக்கு இடம் மாறியது. அல்சூரைச் சுற்றிக் கன்டோன்மென்ட் எழுந்தது. படை மெட்ராஸ் படை என்பதால் கூடவே ஆற்காடு, வேலூர், செஞ்சிச் சீமைகளிலிருந்து தமிழர்கள் வந்தார்கள். ஒப்பந்தக்காரர்களாக வந்த முதலியார்களும் உண்டு, பட்லர்களாக வந்த ஏழைக் கிறிஸ்தவர்களும் உண்டு. இன்று செயின்ட் ஜான்ஸ் ஹில் எனப்படும் மேட்டுக்கு முன்பு முத்துச்சேரி என்று பெயர். சிவாஜிநகர் அந்தக் காலத்தில் பிளாக்பள்ளி. செஞ்சியிலிருந்து வந்த தமிழ்க் கிறிஸ்தவர்களுக்காக அபே துபுவா என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1818-ல் அங்கே ஒரு சிறு கோயில் கட்டினார். காணிக்கை மாதா கோயில். அதுதான் வளர்ந்து வளர்ந்து 1882-ல் இன்றைய செயின்ட் மேரீஸ் தேவாலயமாயிற்று, பிறகு 1970-களில் பசிலிக்காவும் ஆனது. செப்டம்பர் 8-ல் காவிப் புடவையோடு அங்கே கூடும் கூட்டத்தைப் பார்த்தால் வேளாங்கண்ணி நினைவுக்கு வரும்.

1947 வரை கன்டோன்மென்ட் மைசூர் மகாராஜாவின் நிர்வாகத்துக்கு வெளியே ஆங்கிலேயர் கையிலேயே இருந்தது. ஒரு பக்கம் கன்னடப் பேட்டை, இன்னொரு பக்கம் ஆங்கிலமும் தமிழும் உருதுவும் பேசிய பாளையம். அந்தத் தமிழர்களில் கிறிஸ்தவர்களாக இறந்தவர்கள்தான் ஓசூர் ரோட்டிலும், பழைய மெட்ராஸ் ரோட்டுப் பக்கம் கல்பள்ளியிலும் படுத்திருக்கிறார்கள்.

ஓசூர் ரோட்டுக் கல்லறைத் தோட்டங்களை ஒரே இடம் என்று நினைத்துவிடக் கூடாது. கத்தோலிக்கர்களுக்கு ஒரு வாசல், புராட்டஸ்டன்ட்களுக்கு வேறு வாசல். செத்தவர்களிலும் சபை உண்டு. வசதியும் உண்டு. சிறகு விரித்த பளிங்குத் தேவதைகள் ஒரு பக்கம், அவற்றில் பலவற்றுக்குக் கை முறிந்திருக்கிறது. ஈயத்தில் வார்த்துப் பதித்த எழுத்துகளைச் சுரண்டி எடைக்குப் போட்டவர்கள் இருப்பதால் சில கற்களில் துளைகளை வைத்துத்தான் பெயரைப் படிக்க வேண்டும். இன்னொரு பக்கம் உள்ளூர்க் கருங்கல், கடப்பைக் கல், சிமெண்ட் சிலுவை. கடைசியில் வெறும் மண் மேடு, நடுவில் ஒரு மரச் சிலுவை, அதில் தார் கொண்டு எழுதிய பெயர். முதல் மழையிலேயே பாதி போய்விடும். கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்ற தமிழ் வாசகத்துக்கு அடுத்த கல்லில் கன்னடம், அதற்கடுத்து ஆங்கிலம், கொஞ்சம் தள்ளி மலையாளம். நகரத்துக் கத்தோலிக்க ஆலயங்களில் பூசை கன்னடத்திலா தமிழிலா என்ற சண்டை பல பத்தாண்டுகளாக ஓயவில்லை. அடிதடி வரைக்கும் போயிருக்கிறது. இங்கே அந்தச் சண்டை எட்டிப்பார்க்கவில்லை.

இந்தச் சாலையில்தான் ஜெர்மானியத் தோட்டக்கலை நிபுணர் குஸ்தாவ் கிரும்பீகலின் கல்லறையும் இருக்கிறது. லண்டனின் கியூ தோட்டத்தில் வேலை பார்த்து, பரோடா வழியாக 1908-ல் மைசூர் அரசுக்கு வந்தவர். லால்பாக்கை வளர்த்தவர். ஒரு மரம் உதிர்க்கும்போது அடுத்த மரம் பூக்கும்படி பெங்களூர்ச் சாலைகளில் மரங்களைத் திட்டமிட்டவர். உலகப் போர்களின்போது ஜெர்மானியர் என்பதற்காக ஆங்கிலேயர்கள் பிடித்து அடைத்து வைத்தார்கள். அவர் திரும்பி வந்து இங்கேயே 1956-ல் இறந்தார். பூங்கா நகரம் என்ற பெயரைப் பெங்களூருக்கு வாங்கிக் கொடுத்தவர்களில் ஒருவரின் கல்லறை நெடுங்காலம் புதர் மண்டிக் கிடந்தது, சில ஆர்வலர்கள் முயன்ற பிறகுதான் சீரானது. லால்பாக்கில் அவர் பெயரைச் சுமந்த பழைய மண்டபம் 2017-ல் இடிந்துபோய் முழுவதுமாக அகற்றப்பட்டது.

கல்பள்ளிக்கு வேறு முகம். கிறிஸ்தவர்களின் கல்லறைத் தோட்டமும் இந்துக்களின் மயானமும் அங்கே அக்கம்பக்கம். பறை முழங்கும் பாடையும் ஜெபப் பாட்டோடு வரும் பெட்டியும் சில நாட்களில் ஒரே நேரத்தில் வந்து சேரும். மர்ஃபி டவுன், காக்ஸ் டவுன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு நாலு தலைமுறைக் கல்லறைகள் இங்கே. 1898 ஆகஸ்டில் பெங்களூருக்குப் பிளேக் வந்தபோது பாளையத்தின் நெருக்கமான சந்துகளில் சாவு வீடுவீடாக ஏறி இறங்கியது. 1891-ல் 1,80,366 ஆக இருந்த நகரின் மக்கள்தொகை 1901-ல் 1,59,046 ஆனது. ஓடிப்போனவர்களும் இதில் உண்டு. அந்தப் பிளேக்கின் நினைவாக நகரில் மல்லேஸ்வரம், பசவனகுடி என்ற விரிவுகள் இருக்கின்றன, பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. செத்த ஏழைகளின் பெயர் சொல்லும் கல்தான் இல்லை. அவசரத்தில் புதைத்தவர்களுக்குக் கல் வைக்க யாருக்கு நேரம்?

2021 ஏப்ரலிலும் மே மாதத்திலும் அதே அவசரம் திரும்பி வந்தது. கொரோனாவின் இரண்டாம் அலையில் தகன மேடைகளுக்கு வெளியே ஆம்புலன்ஸ்கள் வரிசை கட்டியபோது, கல்லறைத் தோட்டங்களில் குழி வெட்டுபவர்கள் விளக்கு வைத்துக்கொண்டு இரவிலும் தோண்டினார்கள். தலைமுறைகளாக இதே வேலையைச் செய்யும் தமிழ்க் குடும்பங்கள் அவர்களில் உண்டு. உறவினர்கள் வாசலில் நிற்க, கவச உடை அணிந்த தொண்டர்கள்தான் பெட்டியை இறக்கினார்கள்.

அதற்கு முன்பே இடம் இல்லாமல் போயிருந்தது. ஒரு கிராமத்து எல்லையில் இருந்த இடுகாடுகள் இப்போது கோடிக்கணக்கான ரூபாய் பெறும் நகர நிலத்தின் நடுவில் சிக்கிக்கொண்டிருக்கின்றன. விரிவதற்கு வழியில்லை. குடும்பக் குழியா, புதுக் குழியா என்பதுதான் சாவு வீட்டுக்காரர்கள் முதலில் சந்திக்கும் கேள்வி. குடும்பக் குழி என்றால், போதிய ஆண்டுகள் ஆகியிருந்தால், அதைத் திறந்து பழைய எலும்புகளை ஒரு துணியில் கட்டிப் பக்கத்தில் வைத்துவிட்டுப் புதுப் பெட்டியை இறக்கலாம். பாட்டனும் பேரனும் ஒரே குழியில். புதுக் குழி கிடைப்பது குதிரைக்கொம்பு. அடுக்கடுக்காகக் காங்கிரீட் அறைகள் கட்டி இடத்தை மிச்சப்படுத்தும் முறையும் வந்துவிட்டது. சென்னைக் கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டமும் இதே வழியில்தான் நெருக்கடியைச் சமாளிக்கிறது. உயிரோடிருப்பவர்கள் அடுக்குமாடியில் வாழும்போது செத்தவர்கள் மட்டும் தனி வீடு கேட்க முடியாதுதான். ஆனால் கேட்க வாரிசு வராத குழிகள் முதலில் கை மாறுகின்றன. துபாய்க்கோ கனடாவுக்கோ போன பிள்ளைகள், வாடகை வீடு மாறி மாறி ஊர் எல்லைக்குத் தள்ளப்பட்ட பேரப்பிள்ளைகள் நாலைந்து வருடம் வராமல் இருந்தால் போதும்.

ஒரு வெள்ளைக்காரக் கல்லறை இப்படி மறைந்தாலும் அந்தப் பெயர் மறைவதில்லை. கம்பெனிக் காலத்திலிருந்தே ஐரோப்பியர்களின் ஞானஸ்நான, கல்யாண, அடக்கக் குறிப்புகளைப் பாதிரியார்கள் மாகாணத் தலைமைக்கு நகலெடுத்து அனுப்பினார்கள். அவை லண்டனுக்குப் போயின, இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்ற சிவில் சர்வீஸ் அதிகாரி சென்னை மாகாணத்துக் கல்லறை வாசகங்களைத் திரட்டி 1905-ல் தடித்த புத்தகமாகவே போட்டார், பெரும்பாலும் ஐரோப்பியப் பெயர்கள். தெற்காசியாவில் உள்ள ஐரோப்பியக் கல்லறைகளுக்காக 1976-ல் இங்கிலாந்தில் ஒரு சங்கம் தொடங்கி, ஊர் ஊராகப் படமெடுத்துப் பட்டியல் போட்டு வருகிறது. பராமரிக்க முடியாத கன்டோன்மென்ட் இடுகாடுகளிலிருந்து போர்வீரர்களின் எச்சங்களைச் சென்னை நந்தம்பாக்கத்தில் 1952-ல் அமைத்த போர்க் கல்லறைக்கு மாற்றினார்கள். அங்கே 800-க்கும் மேற்பட்ட கல்லறைகள், ஒவ்வொன்றும் ஒரே அளவுக் கல், வெட்டிய புல், தண்ணீர் ஊற்ற ஆள். முதல் உலகப் போரில் இறந்து எங்கெங்கோ புதைக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்களும் அங்கே கல்லில் இருக்கின்றன.

பட்லருக்கு அப்படி எதுவும் இல்லை. அவர் வாழ்ந்ததற்கு இரண்டே சாட்சிகள்: பங்கு ஆலயத்தின் அடக்கப் பதிவேட்டில் மங்கிய மசியில் ஒரு வரி, கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல். பதிவேட்டைக் கரையான் அரிக்கலாம், கல்லை அடுத்தவருக்குக் கொடுக்கலாம். பெங்களூரில் தமிழர்கள் எப்போது வந்தார்கள், யார் வந்தார்கள் என்று மேடைதோறும் வாதாடுகிறவர்கள் இரு தரப்பிலும் இருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு ஊர்ப் பெயர், தொழில், படைப்பிரிவு, தேதி எல்லாம் சேர்த்துப் பதில் வெட்டிவைத்த கற்கள் ஓசூர் ரோட்டிலும் கல்பள்ளியிலும் ஒவ்வொன்றாகப் பெயர்க்கப்படுகின்றன. தமிழ்க் கற்களைப் படியெடுக்க ஒரு காட்டன் வேண்டாம். ஆளுக்கொரு கைப்பேசி வைத்திருக்கும் பங்கு இளைஞர்கள் இரண்டு ஞாயிற்றுக்கிழமை செலவிட்டாலே பெரும்பகுதி முடிந்துவிடும். பதிவேடுகளைப் பூட்டி வைத்திருக்கும் ஆலய நிர்வாகங்கள் மனம் வைத்தால் மிச்சமும் முடியும்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தைய நாட்களில் கறுப்புப் பெயிண்ட் டப்பாவும் மெல்லிய தூரிகையுமாகச் சிலர் கற்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பார்கள். வெட்டிய எழுத்துகளின் பள்ளத்தில் பெயிண்ட்டை ஓட்டிப் பெயரைப் புதுப்பிப்பது அவர்களுடைய வேலை. எழுத்து நன்றாக இருக்கும் கல்லில் பிரச்சினை இல்லை. மழுங்கிப்போன கல்லில் குடும்பத்தார் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதுவார்கள். சொல்ல யாரும் வராத கல்லில், பார்வைக்கு என்ன எழுத்தாகத் தெரிகிறதோ அதை எழுதிவிட்டு அடுத்த கல்லுக்கு நகர்வார்கள். சூசையின் ச இப்படித்தான் ஒரு வருடம் க ஆகும். அடுத்த வருடம் தூரிகை பிடிப்பவர் அதன் மேலேயே எழுதுவார்.